சிறுத்தை நடமாடும் ஊரில் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு: பட்டியை முதலில் மூடுங்கள்

காட்டோரத்தில் ஆடு மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாளவாடி, ஆசனூர், கடம்பூர், பர்கூர், கூடலூர், பந்தலூர், வால்பாறை, தேன்கனிக்கோட்டை, மேகமலை அடிவாரம், களக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே பேச்சுதான்: நேற்று ராத்திரி இன்னார் வீட்டு ஆட்டைச் சிறுத்தை தூக்கிவிட்டது, கூண்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோபத்தில் தப்பே இல்லை. பள்ளிக்கூடச் செலவுக்கோ கல்யாணச் செலவுக்கோ விற்கலாம் என்று வளர்த்து வைத்திருந்த கிடாய் விடிந்து பார்த்தால் இல்லை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒரு சிறுத்தையைப் பிடித்துக்கொண்டு போனாலும் பட்டி பழையபடியே திறந்து கிடந்தால் அடுத்த சிறுத்தை வரும். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,070 சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதுவும் காட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் விலங்கில்லை. கரும்புக்காடு, தேயிலைத் தோட்டம், பாறைக்குன்று, கைவிட்ட கல்குவாரி என்று மறைவும் தீனியும் இருக்கும் எந்த இடத்திலும் காலம் தள்ளிவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ராத்திரி ஆடு அடையும் இடத்துக்குக் கூரையும் கதவும் ஒழுங்காகப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சோலார் விளக்கு, சைரன், நாய், மணி எல்லாவற்றுக்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதவுக்கு அடியில் ஒரு முழம் இடைவெளியை விட்டுவிட்டு மூவாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்கி மாட்டுவது காசைத் தண்டம் செய்வதுதான்.

எது அடித்தது என்று முதலில் பாருங்கள்

ஆடு செத்துக் கிடந்ததுமே சிறுத்தை என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல இடங்களில் அடித்தது நாயாக இருக்கும். காட்டுக்கு வெகுதூரத்தில் இருக்கும் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் குதறுவதும், விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்ததும் நமக்குத் தெரியும். நாய்க்கு ஒரு ஏற்பாடு, சிறுத்தைக்கு வேறு ஏற்பாடு. ஆகவே அடித்தது எது என்று தெரியாமல் செலவு செய்யாதீர்கள்.

செத்த ஆட்டின் கழுத்துப் பக்கம் குனிந்து மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். சிறுத்தை என்றால் தொண்டையிலோ பிடரியிலோ ஆழமான பல் ஓட்டைகள் இருக்கும், உடம்பின் மற்ற இடத்தில் கடி அதிகம் இருக்காது. கால்நடை மருத்துவர் அந்த இடத்தில் தோலைக் கீறிப் பார்த்தால் உள்ளே ரத்தம் கறுப்பாகக் கட்டியிருக்கும். நோயில் செத்த ஆட்டை அப்புறம் வந்து ஏதோ ஒன்று தின்றிருந்தால் அந்த ரத்தக்கட்டு இருக்காது, கடித்த இடம் வெளுத்துப்போயிருக்கும். இழுத்துக்கொண்டு போன தடம் மண்ணில் தெரியும், பெரும்பாலும் புதரையோ ஓடையையோ பார்த்துப் போகும். நாய் அடித்ததென்றால் எல்லாம் கந்தல். பின்னங்கால், வால், காது, மடி என்று கண்ட இடத்தில் கிழிசல், நாலைந்து ஆடு செத்தும் பாதி உயிரோடும் கிடக்கும், தின்றது கொஞ்சமாகத்தான் இருக்கும். செந்நாய் என்றால் பெரும்பாலும் பகலில், கூட்டமாக, வயிற்றையும் பின்பக்கத்தையும் கிழித்து, சீக்கிரமே எலும்புவரை தின்றுவிட்டிருக்கும். வளர்ந்த பசுவையோ எருமையையோ கழுத்தைப் பிடித்துச் சாய்த்துப் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தால் புலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கால்தடத்தையும் பாருங்கள். பூனைச் சாதிக்கு நகம் பதியாது, தடம் வட்டமாக இருக்கும், பின்பக்க மெத்தையின் கீழ் ஓரம் மூன்று மடிப்பாகத் தெரியும். நாய்த்தடம் நீள்வாட்டம், நகநுனி முன்னால் குத்தியிருக்கும். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும். பின்னால் வனத்துறைக்குக் காட்டவும் ஆகும்.

பட்டி

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பெரிய இழப்பு நடப்பது இங்கேதான். மேய்ச்சலில் சிறுத்தை வந்தால் ஒரு ஆடு போகும். பட்டிக்குள் குதித்துவிட்டால் ஒரே ராத்திரியில் பத்தும் போகும். அடைத்த இடத்தில் ஆடுகள் பயந்து அங்கும் இங்கும் மோதி ஓடும், வெளியே போக வழி இருக்காது, கண்ணெதிரே ஓடுவதையெல்லாம் அது அடித்துக்கொண்டே இருக்கும். அது தின்னப்போவது ஒன்றைத்தான். அதனால் அரைகுறை வேலி போட்ட பட்டி, வேலியே இல்லாததைவிட மோசம் என்பது என் எண்ணம். லடாக்கில் பனிச்சிறுத்தையால் இதே மாதிரி மந்தை மந்தையாக இழந்தபோது, பட்டிகளின் மேலே கம்பிவலை போட்டு மூடி, நல்ல கதவு வைத்துக் கொடுக்கும் வேலையைத்தான் அங்கே முதலில் கையில் எடுத்தார்கள்.

சிறுத்தை பத்தடி உயரம் தாவும். ஆட்டைக் கவ்விக்கொண்டு மரமே ஏறிவிடும். ஆகவே சுவரை எட்டடிக்கு உயர்த்துகிறேன், பத்தடிக்கு உயர்த்துகிறேன் என்பதெல்லாம் வீண் செலவு. ஆறடிச் சுவரோ வலையோ போதும், மேலே மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட முடிந்தால் நல்லது. ஓலையோ ஓடோ என்றால் அதற்கு அடியில் கம்பிவலை ஒன்றை இழுத்துக் கட்டுங்கள், ஓடுகளை நகர்த்திவிட்டும் ஓலையைக் கிழித்துக்கொண்டும் சிறுத்தை இறங்கும். வலையில் செயின் லிங்க் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கோழிக்குப் போடும் மெல்லிய வலை நகம் பட்டாலே பிரிந்துவிடும். அடியில் ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் புதைத்து ஓரமாகக் கருங்கல் அடுக்கினால் நாயும் நரியும் தோண்டிக்கொண்டு வராது.

புதிதாகக் கட்ட வசதியில்லை, இருக்கிற கொட்டகையையே சரிசெய்ய வேண்டும் என்றால் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். வெளிச்சம் எங்கிருந்தெல்லாம் உள்ளே வருகிறது என்று பாருங்கள். நான் பார்த்த கொட்டகைகளில் எல்லாம் அது ஏறக்குறைய மூன்றே இடம்தான். சுவர் முடிந்து ஷீட் தொடங்கும் இடத்தில், காற்றுக்காக விட்ட ஒன்றரையடி இடைவெளி. கதவுக்கு அடியில் ஆடு மிதித்து மிதித்துப் பள்ளமான மண். சாணி தள்ளுவதற்கு விட்ட ஓட்டை. ஒரு சாண் அகலம் இருந்தாலே வளரும் சிறுத்தை நுழைந்துவிடும். நான்கு விரல் அகலத்துக்கு மேல் எங்கும் இடைவெளி இருக்கக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டத்தை அடைத்துவிடாதீர்கள், ஆடு மூச்சுமுட்டிச் சளி பிடித்துச் சாகும். அந்த இடைவெளியில் வலையை அடித்தால் போதும், காற்றும் வரும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து மோதித் தள்ளிவிட முடியும். தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வேண்டும், மேலே மட்டும் போட்டால் கீழ்மூலை வளைந்து கொடுக்கும். மூங்கில் படலை சாய்த்துவைத்துக் கயிற்றால் கட்டுவது நரிக்குப் போதும், சிறுத்தைக்குப் போதாது. கதவுக்கு அடியில் ஒரு சிமெண்ட் வாசல்படி போட்டுவிடுங்கள், மண் பள்ளமாகாது.

பரண் மேல் ஆடு வளர்ப்பவர்கள் தரையிலிருந்து நாலைந்தடி உயரம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடக்கூடாது. சிறுத்தைக்கு அந்த உயரம் ஒன்றுமே இல்லை. ராத்திரி ஏணியை எடுத்துவிடுவது நாய்க்கு உதவும். நான்கு பக்கமும் மேல்வரை வலை இருந்தால்தான் சிறுத்தைக்கு உதவும்.

வளர்ந்த ஆட்டுக்குப் பத்து சதுர அடி என்று வைத்தால் இருபது ஆட்டுக்கு இருநூறு சதுர அடி. இருநூறு ஆட்டுக்காரர் எப்படிக் கூரை போடுவார் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. பர்கூர் மலையில் நூற்றுக்கணக்கில் மாடு அடைக்கும் பட்டிகளுக்கும் கூரை போட முடியாது. அங்கே செய்ய வேண்டியது உள்பட்டி. வளர்ந்த மாடுகள் சுற்றிலும், கன்றுகளும் ஈன்று சில நாளே ஆன தாய்களும் நடுவில் மூடிய சின்னப் பட்டிக்குள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை போடும் இடமெல்லாம் குட்டிகளைக் குடாப்பு என்ற கவிழ்த்த கூடை மாதிரியான மூடிக்குள் விட்டு மூடுகிறார்களே, அதே யோசனைதான், அவர்கள் நரிக்கும் நாய்க்கும் செய்வதை நாம் இன்னும் கெட்டியாகச் செய்ய வேண்டும். சிறுத்தை வளர்ந்த மாட்டை அவ்வளவாகத் தொடாது, அதன் கண் கன்றுக்குட்டி மேல்தான். புலி நடமாட்டம் உள்ள இடத்தில் வளர்ந்த மாட்டுக்கும் ஆபத்து உண்டு, அங்கே பட்டியின் பக்கத்திலேயே ஆள் படுப்பதும் தீ எரிவதும் அவசியம். ஆள் படுப்பது திறந்த கட்டிலில் வேண்டாம், பரணிலோ கதவுள்ள குடிசையிலோ.

கிளுவை வேலி பற்றியும் ஒரு வார்த்தை. கொங்குப் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களில் கிளுவை உயிர்வேலி அருமையான ஏற்பாடு, அடர்த்தியாக வளர்ந்தால் நாயைத் தடுக்கும், ஆட்டையும் வெளியே போகவிடாது. சிறுத்தை அதைத் தாண்டிக் குதித்துவிடும். பகல் மேய்ச்சலுக்கு அது சரி, ராத்திரிக்கு அதை நம்பாதீர்கள்.

பட்டியைச் சுற்றி

சிறுத்தை தொலைவிலிருந்து துரத்தி வந்து பிடிக்கும் விலங்கில்லை. மறைந்து மறைந்து கிட்டே வந்து ஒரே பாய்ச்சலில் முடிக்கும். மறைவு இல்லையென்றால் கிட்டே வருவதே அதற்குக் கஷ்டம். பட்டியிலிருந்து இருபது முப்பது மீட்டருக்கு உன்னிச்செடி, சீமைக்கருவேலம், காட்டுப்புதர் எதுவும் இல்லாமல் வெட்டிச் சுத்தமாக வையுங்கள். கரும்போ வாழையோ போட்டிருந்தால் பட்டியை ஒட்டி வேண்டாம், இடையில் கடலை, ராகி மாதிரி குட்டையான பயிர் போடலாம். சுவரை ஒட்டி வைக்கோல்போர், விறகுக்கட்டு, சாய்ந்த மரக்கிளை இருந்தால் அதுவே ஏணியாகிவிடும்.

அடுத்தது குப்பை. கறிக்கடைக் கழிவு, செத்த கோழி, கல்யாண மண்டபத்து இலை எல்லாம் ஊர் ஓரத்தில் கொட்டுகிறோம், அதற்கு நாய் சேருகிறது, நாயைத் தின்னச் சிறுத்தை வருகிறது. மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்து அகோலே பகுதியில், காடே இல்லாத கரும்பு வட்டாரத்தில், சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தபோது அது தின்றதில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள், அதில் நாய் மட்டும் 39 சதவீதம், வெள்ளாடு 11 சதவீதம் என்று வந்தது. சிறுத்தையை ஊருக்குள் இழுத்து வருவது நம் ஆட்டைவிட ஊர்நாய்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. கழிவைக் குழிதோண்டி மூடுவதும், ஊர்நாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி ஊராட்சியை விடாமல் கேட்பதும் பட்டி கட்டுவதற்குச் சமமான வேலை.

மாடு ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. காட்டோர ஊரில் அந்த வாடை வெகுதூரம் போகும். அங்கே மட்டும் வீட்டிலிருந்து தள்ளி மூன்றடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள், மேலே கல்லை வையுங்கள்.

மேய்ச்சலில்

மந்தையில் அடிபடுவது பெரும்பாலும் தனியாகப் பின்தங்கிய ஆடு. நொண்டி, சினை, குட்டியோடு மெதுவாக வருவது. இவற்றைக் காட்டோரம் ஓட்டவே வேண்டாம், வீட்டருகே தழை ஒடித்துப் போடுங்கள். வெயில் ஏறிய பிறகு ஓட்டிப்போய், பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் ஓடை வழியாக மந்தையை ஓட்டி வருவதுதான் மிகக் கெட்ட பழக்கம், ஓடைக்கரைப் புதர்தான் சிறுத்தை காத்திருக்கும் இடம். தண்ணீர் காட்டுவதை நடுப்பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆள் இல்லாமல் மந்தையை விட்டுவிட்டு சாயங்காலம் போய் ஓட்டி வருவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது, கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், காரணம் புரிகிறது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து முறை வைத்து மேய்க்கலாம், ஒரு நாள் உங்கள் முறை, அடுத்த நாள் பக்கத்து வீட்டு அண்ணன் முறை. இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டே கூட நடந்தாலே சிறுத்தை பெரும்பாலும் கிட்டே வராது. ஒருவர் முன்னால், ஒருவர் கடைசி ஆட்டுக்குப் பின்னால். கடைசி ஆட்டுக்குப் பின்னால் வருகிறவர்தான் முக்கியம். மணி கட்டுவது சிறுத்தையை விரட்டாது, ஆனால் எந்த ஆடு எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும், மந்தை திடீரென்று மிரண்டால் எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும், அந்தச் சத்தத்துக்கு நீங்கள் ஓடிப் போய்க் கத்த முடியும்.

எங்கே மேய்க்கலாம் என்பதில் சட்டமும் குறுக்கே வருகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்க்கவே தடைவிதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்று சுருக்கியது. 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமைக்கு இடம் இருக்கிறது, கிராம சபை வழியாகக் கேட்க வேண்டும். உங்கள் ஊர்க்காடு எந்த வகையில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அனுமதியில்லாத இடத்தில் மாடு அடிபட்டால் இழப்பீடு கேட்பது சிக்கலாகிவிடும்.

மாட்டுக்காரர்களுக்கு இன்னொரு மலிவான வழி. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ பகுதியில் நான்கு வருடம் ஆராய்ந்தார்கள். மாட்டின் பின்பக்கத்தில் இரண்டு பெரிய கண்களை பெயிண்டால் வரைந்துவிட்டு மேய்ச்சலுக்கு அனுப்பினார்கள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடப் பதுங்கித் தாக்கும் விலங்கு கொல்லவில்லை, எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 செத்தன, வெறும் சிலுவைக்குறி வரைந்த 543 மாடுகளில் 4 செத்தன. அங்கே பிரச்சினை பெரும்பாலும் சிங்கம், அதனால் நம் ஊரிலும் அப்படியே பலிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதுங்கி வருவது பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பின்வாங்கும் குணம் சிறுத்தைக்கும் உண்டு. ஒரு டப்பா பெயிண்ட்தானே, பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடிக்கும்போது இதையும் வரைந்து பாருங்கள். அழிய அழிய மறுபடி வரைய வேண்டும்.

நாய், விளக்கு, சத்தம்

ஒற்றை நாயைச் சங்கிலியில் வெளியே கட்டிப்போடுவது காவல் இல்லை, சிறுத்தைக்கு வைக்கும் தீனி. நாய் வளர்ப்பதானால் குறைந்தது மூன்று நாலு, ராத்திரியில் பட்டிக்குள்ளோ வலைபோட்ட திண்ணையிலோ. அவை குரைத்து உங்களை எழுப்பினால் போதும், சண்டை போட வேண்டியதில்லை. இமயமலைப் பக்கத்து மேய்ப்பர்கள் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுகிறார்கள், சிறுத்தை கழுத்தைத்தான் பிடிக்கும் என்பதால். தோல் பட்டையில் ஆணி அடித்து நாமும் செய்துகொள்ளலாம், உள்பக்கம் ஆணித்தலை உறுத்தாமல் இன்னொரு தோல் வைத்துத் தைக்க வேண்டும்.

நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆட்டைக் காக்க அனத்தோலிய நாய்களைப் பழக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வளர்க்கும் முறை. குட்டியாக இருக்கும்போதே ஆட்டோடு விட்டு, ஆட்டோடு தூங்கவைத்து, ஆட்டையே தன் கூட்டமாக நினைக்கப் பழக்குவது. நம் நாட்டு நாய்க்குட்டியையும் இப்படிப் பழக்க முடியும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்டத்துக்கு வளர்த்த சாதிகள் இதற்கு வேண்டாம், எதையாவது பார்த்தால் மந்தையை விட்டு ஓடிவிடும். எல்லா நாய்க்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறக்கூடாது.

விளக்கு விஷயத்தில் ஒன்று நினைவில் வையுங்கள், அசையாமல் எரியும் விளக்குக்குச் சிறுத்தை சீக்கிரம் பழகிவிடும். கென்யாவில் நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற மாசாய் சிறுவன், தன் அப்பாவின் மாட்டுப்பட்டியைச் சுற்றி மாறிமாறி மின்னும் விளக்குகளைப் பழைய பேட்டரியில் ஓட்டி சிங்கத்தை விரட்டியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆள் டார்ச் அடித்துக்கொண்டு நடமாடுவதுபோல் தெரிய வேண்டும், அதுதான் சூட்சுமம். இப்போது சோலாரில் நிறம் மாறி மின்னும் விளக்குகள் விற்கிறார்கள். பட்டியின் நான்கு மூலையிலும் வெளிப்பக்கம் பார்த்து, சிறுத்தையின் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். சிறுத்தை நடமாட்டம் தெரிந்த நாட்களில் மட்டும் எரியவிட்டு மற்ற நாளில் கழற்றி வைத்தால் இன்னும் நல்லது. பட்டாசும் அப்படித்தான், தினமும் வெடித்தால் அதற்குப் பழகிப்போகும், நமக்குத்தான் தூக்கம் கெடும்.

செய்யவே கூடாதவை

கரண்டுக் கம்பத்திலிருந்து நேராக இழுத்த மின்வேலி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயை இழந்து நின்றன. ஊருக்கு ஊர் மனிதர்களும் இதில் செத்திருக்கிறார்கள், பல நேரம் வேலி போட்டவர் வீட்டு ஆளே. சோலார் வேலி வேறு, அது விட்டுவிட்டு அடிக்கும் அதிர்ச்சி, உயிரை எடுக்காது, அதையும் வனத்துறையிடம் பதிவு செய்து அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். சிறுத்தைக்கு அது பெரிய தடையும் இல்லை.

செத்த மாட்டில் விஷம் வைப்பது. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன, பக்கத்தில் விஷம் வைத்த பசு. மாட்டை இழந்தவரின் வேதனை உண்மை, ஆனால் அதற்குப் பிறகு அவர் சிறைக்கும் போக வேண்டியிருக்கிறது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் சிறுத்தையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த மாட்டைத் தின்ன வருவது புலி மட்டும் இல்லை. மாயாறு பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டின் பாறு கழுகுகள் எஞ்சியிருக்கின்றன, ஒரே ஒரு விஷப்பிணத்தில் ஒரு கூட்டமே அழிந்துவிடும். ஊர்நாயும் சாகும், விஷம் கலந்த தண்ணீரைக் குடித்தால் நம் ஆடும் சாகும்.

மூன்றாவது, கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லிப் போராடுவது. இது குற்றம் இல்லை, ஆனால் பலன் தலைகீழாக வரும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன் வருடத்துக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் பிறகு 17 ஆக ஏறியது. தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை அடிபட்ட பல்லோடும் பயத்தோடும் தன் பழைய இடத்தைத் தேடி ஊர் ஊராக நடக்கிறது, காலியான இடத்துக்கு வேறு இளம் சிறுத்தை வந்துவிடுகிறது. மனிதரைத் தாக்கிய சிறுத்தை என்றால் அது வேறு விஷயம், அதைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆட்டைத் தூக்கியதற்காகக் கூண்டு கேட்பதைவிட, பட்டிக்குக் கம்பிவலை வாங்க உதவி கேட்டு மனுக்கொடுங்கள்.

சிறுத்தை கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டது தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். வெளியிலிருந்து பூட்டிவிட்டு எல்லாரையும் தூர அனுப்பிவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். ஆட்கள் காயப்படுவது பெரும்பாலும் கூட்டம் சூழ்ந்து கல்லெறியும்போதுதான். வழியில் எதிர்ப்பட்டால் ஓடாமல், குனியாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகருங்கள். சின்னப் பிள்ளைகளை இருட்டிய பிறகு தனியாக வெளியே விடாதீர்கள்.

ஆடு போய்விட்டால்

முதலில் உடலை நகர்த்தாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள்: கழுத்துக் கடி, காதில் மாட்டிய காப்பீட்டு அடையாள வில்லை, கால்தடம், இழுத்த தடம், பட்டியில் உள்ளே வந்த வழி. அன்றைக்கே வனவருக்கோ ரேஞ்சருக்கோ சொல்லிவிடுங்கள், தாமதித்தால் அழுகி எது அடித்தது என்றே சொல்ல முடியாமல் போகும். கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதோ முத்திரையோ வாங்கிக்கொள்ளுங்கள். தொகை அவ்வப்போது மாறும், அலுவலகத்திலேயே கேளுங்கள். பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், மனு நகலோடு விடாமல் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

பரிசோதனை முடிந்த பிறகு, ஊரைவிட்டுத் தள்ளி அடிபட்ட மாடு என்றால் அதை அங்கேயே விட்டுவிடச் சொல்வார்கள், கேளுங்கள். கொன்ற விலங்கு அதைத் தின்ன மறுநாள் ராத்திரி திரும்பி வரும், உடல் அங்கே இல்லையென்றால் இன்னொன்றை அடிக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் அடிபட்டதென்றால் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எப்படியானாலும் அதற்கடுத்த ஒரு வாரம் மின்னும் விளக்கை வெளியே எடுத்து மாட்டுங்கள், ஆடுகளைப் பொழுது இருக்கும்போதே அடையுங்கள், உள்ளே வந்த அந்த வழியை அன்று சாயங்காலத்துக்குள் அடைத்துவிடுங்கள்.

காப்பீடு இதையெல்லாம் செய்வதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியது. கால்நடை மருந்தகத்தில் மானியத்தோடு காப்பீடு செய்கிறார்களா, வனவிலங்கு தாக்கிச் செத்தால் அதில் தொகை வருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காது வில்லை விழுந்துவிட்டால் உடனே சொல்லி வேறு போட்டுக்கொள்ளுங்கள், வில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் தர மாட்டார்கள்.